மடிப்பாக்கம் வீடு: கூரையை விட்டுவிட்டுச் சமையலறையில் தொடங்கவிருந்த ஒரு புதுப்பிப்பு வேலை

பின்னணி

2023 ஜனவரி கடைசியில் எனக்குப் பள்ளியில் கணக்கு எடுத்த வாத்தியார் ஃபோன் செய்தார். "வீட்டைக் கொஞ்சம் புதுசு பண்றேம்பா, அடுத்த வாரம் இடிக்க ஆரம்பிக்கிறாங்க, அதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ" என்றார். நான் கட்டட மேற்பார்வை வேலையில் இருப்பவன். இதே தப்பில் வேறு யாரும் மாட்டக்கூடாது என்று அவரும் அவர் மனைவியும் சொன்னதால் எழுதுகிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை.

வீடு சென்னை மடிப்பாக்கத்தில், 1993-ல் கட்டியது. சுமார் 950 சதுர அடி, தரைத்தளம் மட்டும். தூண், பீம் எதுவும் கிடையாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள்மேல் தளம் உட்கார்ந்திருக்கிற வகை. தரை மொசைக். மொட்டை மாடியில் சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு) போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருந்தார்கள். கட்டும்போது வீட்டுத் தரை தெருவைவிட இரண்டடி உயரத்தில் இருந்ததாம். அப்புறம் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப் போட்டுத் தெரு ஏறிவிட்டது. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். ஆனால் இந்தத் தெரு அதற்கு முன்பே வீட்டைத் தாண்டி ஏறிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் மூன்று நாள் நின்றது.

2023 ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் வீட்டைப் புதுப்பிக்க வேண்டும். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் 12 லட்சம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குமேல் கடன் வாங்கக்கூடாது என்பதில் இருவரும் உறுதியாக இருந்தார்கள்.

போட்டு வைத்திருந்த திட்டம்

காண்டிராக்டர் ஒரே தாளில் எழுதிக் கொடுத்த கணக்கு இது. மாடுலர் கிச்சன் 3,20,000, இரண்டு பாத்ரூம் 2,40,000, மொசைக் மேலேயே டைல்ஸ் 1,60,000, பட்டி பார்த்துப் பெயிண்ட் 1,50,000, ஃபால்ஸ் சீலிங் 1,10,000, எலக்ட்ரிகல் 80,000, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுப்பதற்கு 40,000. மொத்தம் 11 லட்சம். எந்த வேலைக்கும் எத்தனை சதுர அடி, என்ன கம்பெனிப் பொருள், எத்தனை கோட்டிங், ரப்பிஷ் அள்ளுவது யார் பொறுப்பு என்று ஒரு வரிகூட இல்லை. 50,000 ரூபாய் முன்பணம் ஏற்கெனவே போய்விட்டது. வேலை தொடங்கும் நாளில் பாதிப் பணம் கொடுக்க வேண்டும் என்று பேச்சு.

அந்தத் தாளில் மொட்டை மாடி என்ற வார்த்தையே இல்லை.

முதல் நாள் பார்த்தது

ஹாலின் வடகிழக்கு மூலையில் சீலிங் பூச்சு லேசாக உப்பியிருந்தது. ஒரு முழ நீளத்துக்குப் பழுப்பாகக் கோடு. காண்டிராக்டரிடம் கேட்டதற்கு, "ஃபால்ஸ் சீலிங் போட்டா இதெல்லாம் மறைஞ்சிடும் சார்" என்றாராம். ஸ்டூல் போட்டு ஏறிச் சின்னச் சுத்தியலால் மூலையிலிருந்து வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல காங்கிரீட் கணீரென்று சொல்லும். இங்கே மூலையில் தொடங்கி ஹாலின் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் பொத்துப் பொத்தென்றுதான் சத்தம். உப்பிய இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டியதும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வில்லை கீழே விழுந்தது. உள்ளே கம்பி செதில் செதிலாக உரிந்து கிடந்தது.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நல்ல காங்கிரீட்டின் காரத்தன்மையால் அதற்குள் இருக்கிற கம்பி துருப்பிடிக்காது. வருடக்கணக்கில் காற்றும் ஈரமும் இறங்க இறங்க அந்தக் காரம் குறைகிறது. அப்போது கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், அடியிலிருக்கிற காங்கிரீட்டைத் தள்ளிவிடும். கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடுகிற காங்கிரீட், வேண்டும், இந்த மூலையில் அரை அங்குலம்கூட இல்லை. இந்த நிலையில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் நடக்கிற எதுவுமே கண்ணுக்குத் தெரிந்திருக்காது. என்றைக்காவது ஒரு நாள் ஜிப்சம் பலகையோடு சேர்ந்து காங்கிரீட்டும் தலையில் விழுந்திருக்கும். கல்யாண வீட்டில் அந்த ஹாலில் எத்தனை பேர் உட்காருவார்கள்.

விழுந்த இடம் இன்னொன்றையும் காட்டியது. தளத்தின் பாரத்தைத் தாங்குகிற மெயின் கம்பிகள் ஹாலின் குறுக்கே ஓடி, நேராகச் சமையலறைச் சுவரை நோக்கிப் போயின. எடுப்பதற்கு 40,000 ரூபாய் என்று எழுதியிருந்த அதே சுவர். நாடாவை வைத்து அளந்தால் பூச்சோடு சேர்த்துப் பத்து அங்குலம், அதாவது ஒன்பது அங்குலச் சுவர். உச்சியில் ஒரு சின்ன இடத்தில் பூச்சைக் கொத்திப் பார்த்தோம். தளம் அதன்மேல் நன்றாகவே உட்கார்ந்திருந்தது. "சும்மா தடுப்புச் சுவர்தான்" என்று காண்டிராக்டர் சொல்லியிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. புதுக் கட்டடங்களில் தூணும் பீமும் இருப்பதால் நடுச்சுவர்கள் பெரும்பாலும் தடுப்புச் சுவர்கள்தான், அந்தப் பழக்கத்தில் சொல்லியிருப்பார். ஆனால் இந்த வீட்டில் அந்தச் சுவர்தான் தூண்.

மாடிக்குப் போனோம். தட்டோடுகளுக்கு நடுவில் பாய்ண்டிங் (இடுக்குகளை அடைக்கிற பூச்சு) பெயர்ந்து புல் முளைத்திருந்தது. 2005 வாக்கில் மேல்நிலைத் தொட்டிக்காக ஒரு மேடை கட்டியதில் தண்ணீர் ஓடுகிற வாட்டம் மாறி, மழைத்தண்ணீர் வடகிழக்கு மூலையிலேயே தேங்குகிறது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், அங்கேயே நின்றது.

அப்புறம் மட்டம். டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து ரோட்டின் நடுவிலிருந்து வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தோம். தரை ரோட்டைவிட 7 அங்குலம் பள்ளம். உள்சுவர்களில் மூன்றடி உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. இதன்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்கே உரிந்து கொட்டும்.

முடிவுகளும் காரணங்களும்

அன்று சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். சார் கல்யாணத் தேதியைப் பற்றியே கவலைப்பட்டார். அம்மாதான் (சாரின் மனைவி) ஒரு கேள்வி கேட்டார். "2015-ல பிளைவுட் அலமாரி எல்லாம் உப்பிப்போய் வண்டியில ஏத்தி வெளிய போட்டோம். இப்ப மூணு லட்சம் குடுத்து மறுபடியும் அதையேதான் வாங்கப் போறோமா?" அதுவரை பேச்செல்லாம் கூரையைப் பற்றியே இருந்தது. தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வருகிறதோ அதையெல்லாம் முதலில் பார்ப்பது, கண்ணுக்கு அழகாக இருப்பதெல்லாம் மிச்சப் பணத்தில் என்று வரிசையே மாறியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

முதலில் பேசியது வீட்டைத் தூக்குவதைப் பற்றி. சென்னையில் ஜாக்கி வைத்து வீட்டை மூன்றடி நான்கடி உயர்த்துவது இப்போது சாதாரணமாக நடக்கிறது. சாருக்கும் அந்த ஆசை இருந்தது. நான் வேண்டாம் என்றேன். கம்பி துருப்பிடித்த தளத்தோடு இந்த வீட்டைத் தூக்க எனக்குத் துணிச்சல் இல்லை. தூக்குகிற கூலியோடும் அது முடியாது. கீழே மண் நிரப்ப வேண்டும், தரை புதிதாகப் போட வேண்டும், குழாய், கழிவுநீர் லைன் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். 12 லட்சம் அதற்கே சரியாகிவிடும். உள்ளே மண்ணடித்துத் தரையை ஒன்றரை அடி ஏற்றலாம் என்றும் பேசினோம். அப்படிச் செய்தால் ஏழடியில் இருக்கிற கதவு லிண்டல் (வாசலுக்கு மேலே சுவரைத் தாங்குகிற குறுக்குப் பாளம்) ஐந்தரை அடிக்கு வந்துவிடும். எல்லா வாசலையும் உடைத்து ஏற்ற வேண்டியிருக்கும். அதனால் தரையை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் உள்ளே வரும் வழிகளை அடைப்பது என்று முடிவு செய்தோம். வெள்ளத்தை முழுக்க நிறுத்த இது போதாது என்று தெரிந்தேதான் எடுத்தோம்.

ஃபால்ஸ் சீலிங்கைக் கைவிட்டோம். மொசைக் மேல் டைல்ஸ் வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். முப்பது வருட மொசைக்கை மெஷின் வைத்து பாலிஷ் போட்டால் கண்ணாடி மாதிரி வரும் என்று சொன்னேன், 35,000-க்கு வந்தது. டைல்ஸ் ஒட்டியிருந்தால் தரை ஏறிக் கதவுகளையெல்லாம் அடியில் அறுக்க வேண்டியிருந்திருக்கும்.

பழைய காண்டிராக்டரிடம் சார் நேரில் போய்ப் பேசினார். ஆள் ஏற்பாடு பண்ணிவிட்டேன், சாமானுக்குச் சொல்லிவிட்டேன் என்றார். 50,000-ல் 20,000 திரும்பி வந்தது. ரசீதும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை என்பதால் அதற்குமேல் பேச எதுவும் இருக்கவில்லை.

மாடியும் தளமும்: பிப்ரவரி, மார்ச்

எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவரிடம் லேபர் காண்டிராக்டாக விட்டோம், பொருள் எல்லாம் நாங்களே வாங்கினோம். வேலைக்கு வேலை அளவு, ரேட், பணம் கொடுக்கும் கட்டம் எல்லாவற்றையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மழைக்காலம் முடிகிறவரை 25,000 நிறுத்தி வைப்பது என்றும் எழுதினோம். மேஸ்திரி முதலில் முகம் சுளித்தார், பிறகு ஒத்துக்கொண்டார்.

சீலிங்கைக் கீழிருந்து பார்த்துவிட்டுப் பிறகு மாடிக்குப் போகலாம் என்று மேஸ்திரி சொன்னார். நான் மாடிதான் முதலில் என்று நின்றேன். மேலே தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது கீழே ஒட்டுகிற எதுவும் நிற்காது. ஹாலுக்குள் முட்டுக் கொடுத்துவிட்டுப் பழைய தட்டோட்டையும் சுருக்கியையும் உளியும் சுத்தியலும் வைத்துக் கையாலேயே எடுக்கச் சொன்னேன். பிரேக்கர் மெஷின் வைத்தால் பலவீனமான தளம் அதிரும். எடுக்கும்போதுதான் தெரிந்தது, 2005-ல் பழைய ஓடுகளை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு வரிசை பதித்திருக்கிறார்கள். பதினெட்டு வருடமாக அந்தத் தளம் தேவையில்லாத பாரத்தைச் சுமந்திருக்கிறது.

வாட்டத்தைச் சரிசெய்து, வாட்டர்ப்ரூஃப் பூச்சு கொடுத்து, தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிட்டு 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்தோம். முதல் முறை ஹாலில் ஒரு இடத்தில் ஈரம் தெரிந்தது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் பூச்சு சரியாகப் போகவில்லை. அதைத் திரும்பச் செய்து மறுபடியும் 48 மணி நேரம். இரண்டாவது முறை ஒரு சொட்டுகூட இல்லை. ஓடு பதித்தது அதற்குப் பிறகுதான். மாடி மட்டும் 1,40,000 ஆனது.

அப்புறம் சீலிங். பொத்தென்று சத்தம் வந்த இடமெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியை வயர் பிரஷ் வைத்துத் தேய்த்து, வெர்னியரில் அளந்தோம். 8 மி.மீ. கம்பி இரண்டு இடத்தில் 6 மி.மீ. தான் இருந்தது. இரண்டு மில்லி மீட்டர்தானே என்று மேஸ்திரி சொன்னார். கணக்கு வாத்தியார் வீடாச்சே, சாரே போட்டுக் காட்டினார்: விட்டம் எட்டிலிருந்து ஆறானால் பரப்பு, விட்டத்தின் வர்க்கக் கணக்கில், 64-க்கு 36 ஆகிவிடும், கம்பியின் பலத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. அந்த இடங்களில் பக்கத்திலேயே புதுக் கம்பி வைத்துக் கட்டினோம். துருத் தடுப்புப் பூச்சு, பிடிமானப் பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த கலவையை இரண்டு மூன்று அடுக்காக ஏற்றினோம். 1,85,000 செலவு. மொத்தத் திட்டத்தில் இல்லவே இல்லாத மூன்றே கால் லட்சம் இந்த இரண்டு மாதத்தில் போனது.

சுவர், சமையலறை, குழாய்: ஏப்ரல் முதல் ஜூலை வரை

சமையலறைச் சுவரை விட்டுவிட்டோம். பரிமாற வசதியாக மூன்றடி அகலத்துக்கு ஒரு திறப்பு மட்டும், மேலே லிண்டல் வைத்து, இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலம் சுவரில் உட்காரும்படி செய்தோம். லிண்டல் நன்றாக இறுகும்வரை அடியில் கொடுத்த முட்டுகளை எடுக்கவில்லை.

சமையலறையில் மேடைக்குக் கீழே கடப்பா கல் தடுப்புகள், அவற்றுக்கு அலுமினியக் கதவுகள். மரம் கண் உயரத்துக்குமேல் மட்டும். 1,75,000-ல் முடிந்தது. மகளுக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம்தான், படத்தில் பார்த்த மாதிரி இல்லை என்று.

மின்சாரத்துக்குத் திட்டத்தில் இருந்ததைவிட 30,000 கூடுதலாகக் கொடுத்தோம். பழைய வயரிங்கில் எர்த் இல்லாத பாயிண்டுகள் இருந்தன. எல்லாவற்றையும் மாற்றி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) போட்டு, தரையோரத்தில் இருந்த பிளக் பாயிண்டுகளை நான்கடிக்கு ஏற்றினோம். வெள்ளம் வருகிற வீட்டில் இது பணத்தைப் பார்த்து விடுகிற விஷயமே இல்லை.

உள்சுவர்களில் நான்கடி உயரத்துக்குப் பூச்சை எடுத்துவிட்டுச் செங்கல்லை ஐந்து வாரம் வெயில் காலத்தில் காய விட்டோம். சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) வாயை இரண்டடி உயர்த்தினோம். முன்வாசல், பின்வாசல் இரண்டிலும் பலகை சொருகுகிற மாதிரி சேனல் வைத்தோம். பாத்ரூம்களிலிருந்து செப்டிக் டேங்குக்குப் போகிற லைனில் தண்ணீர் திரும்பி வராமல் இருக்க வால்வு போட்டோம்.

நாங்கள் செய்த தப்பு பாத்ரூமில். ஜூன் கடைசியில் வேலை இரண்டு வாரம் பின்தங்கியிருந்தது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. படுக்கையறையோடு சேர்ந்த பாத்ரூமில் சுவருக்குள் போகிற குழாய்களுக்கு பிரஷர் டெஸ்ட் (தண்ணீரை அழுத்தத்தில் ஏற்றிக் கசிகிறதா என்று பார்ப்பது) செய்துவிட்டுத்தான் டைல்ஸ் ஒட்டினோம். பொது பாத்ரூமுக்கு வரும்போது டெஸ்ட் செய்கிற பம்பு கிடைக்க இரண்டு நாள் ஆகும் என்றார் பிளம்பர். "அதே ஆளு, அதே பைப்பு, ஒண்ணும் ஆவாது" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் என்னுடையது, அதற்கு வேறு யாரையும் சொல்ல முடியாது.

என்ன ஆனது

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வேலை முடிந்தபோது கைவிட்டுப்போன 30,000-ஐயும் சேர்த்து 11,98,000 ஆகியிருந்தது.

அக்டோபரில் ஆயுத பூஜைக்கு வீடு துடைக்கும்போது பொது பாத்ரூமை ஒட்டிய சுவரில் பெயிண்ட் கொப்புளம் போட்டிருப்பதை அம்மா பார்த்தார். சுடுதண்ணீர் லைனில் ஒரு ஜாயிண்ட் கசிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு டைல்ஸ் உடைத்தோம். மிச்ச டைல்ஸ் ஒன்றுகூட இல்லை. கடையில் அதே டிசைன் கிடைத்தது, அதே லாட் கிடைக்கவில்லை, நிறம் ஒரு சாயல் வேறு. கடைசியில் அந்தச் சுவர் முழுவதையும் மாற்றினோம், 34,000. பிளம்பருக்குக் கல்யாணத்துக்கு முன்பே முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது. மேஸ்திரியிடம் எழுதி வாங்கிய மாதிரி அவரிடம் எதுவும் எழுதி வாங்கவில்லை, ஒரு தடவை வந்து பார்த்தார், அப்புறம் வரவில்லை.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். தெருவில் இரண்டடி தண்ணீர் நின்றது. சாரும் அம்மாவும் முந்தின இரவே இரண்டு வாசலிலும் பலகையைச் சொருகிவிட்டார்கள். முன்பக்கம் தாங்கியது. வால்வு தாங்கியது. ஆனால் சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் தண்ணீர் போகிற குழாய் தனியாகத் தோட்டத்துக்குப் போகிறது, அதை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. தண்ணீர் அதன் வழியாக ஏறி உள்ளே மூன்று அங்குலம் நின்றது. மின்சாரத்தால் ஆபத்து எதுவும் இல்லை. கடப்பா கல் தடுப்புகளைக் கழுவி விட்டதும் சமையலறை பழையபடி ஆகிவிட்டது. மாடியிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. ஹால் சீலிங்கை ஜனவரியில் மறுபடியும் முழுக்கத் தட்டிப் பார்த்தேன், எல்லா இடமும் கணீரென்றது. மேஸ்திரிக்கு அன்றே 25,000 கொடுத்தோம்.

ஓதம் முழுக்கப் போகவில்லை. தெருப் பக்கத்துச் சுவரில் 2024 பிப்ரவரியில் ஒரு சாண் உயரத்துக்கு மறுபடியும் உப்புப் பூத்தது. வெளியே மண் ஈரமாக இருக்கிறவரை அது இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டேன். அந்த உயரத்துக்குப் பட்டி வேண்டாம், சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள் என்றேன்.

மறுபடியும் செய்தால் மாற்றுவது

டைல்ஸ் வாங்கும்போதே பத்து சதவீதம் கூடுதலாக, ஒரே லாட்டில் வாங்கிப் பரணில் போட்டுவிடுவேன். பிரஷர் டெஸ்ட் முடியாமல் ஒரு டைலும் ஒட்டவிட மாட்டேன், தேதி தள்ளிப்போனாலும் சரி. பிளம்பர், எலக்ட்ரீஷியன் இரண்டு பேரிடமும் மேஸ்திரியிடம் எழுதியதுபோலவே எழுதி, கொஞ்சம் பணத்தை நிறுத்தி வைப்பேன்.

வீட்டிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு குழாயையும் முதல் நாளே வெளிப்பக்கம் சுற்றி வந்து எண்ணியிருக்க வேண்டும். உள்ளேயிருந்து எண்ணினால் மூன்றுதான் தெரிந்தது. வெளியிலிருந்து எண்ணியபோது நான்கு. நான்காவதுக்கு இப்போது ஒரு மூடி இருக்கிறது, அது வாசல் பலகைகளோடு சேர்த்து ஒரே சாக்குப் பையில் கட்டிப் படிக்கட்டுக்குக் கீழே தொங்குகிறது, மழைச் செய்தி வந்தால் அம்மா முதலில் அந்தப் பையைத்தான் எடுக்கிறார்.